இருபந்தி கவிழ்த்த வெற்றிலை

முன்னொரு காலத்தில், மதியத் தூக்கத்தைத் தவிர வேறெதற்கும் கவலைப்படாத ஓர் அரசர் இருந்தார். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது அவருடைய சபை.

சபையினர் எதிரெதிரே இரண்டு பந்திகளாக, இரண்டு அணிகளாக உட்காருவார்கள். வலப்பந்திக்கு வேங்கைமங்கலத்தார் தலைவர். இடப்பந்திக்கு நெடுங்குளத்தார். ஒருவர் தும்மினால் மற்றவர் அதை மறுத்துப் பேசுவார். இப்படியிருக்கும்போது நாட்டின் நடுவர் இறந்துபோனார். வழக்குகளைத் தீர்த்துவைக்கும் இருக்கை காலியானது.

புதிய நடுவரை அரசர் முன்மொழிவார். இரு பந்திகளும் ஏற்க வேண்டும். அதற்கு அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவர் இரண்டு தலைவர்கள் முன்னும் ஆளுக்கொரு வெற்றிலை வைப்பார். தலைவர் அதைக் கையில் எடுத்தால் சம்மதம். குப்புறக் கவிழ்த்தால் மறுப்பு. ஒரு பந்தி கவிழ்த்தாலே வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பந்தியும் ஒன்றாகக் கவிழ்த்தால் என்ன செய்வது என்பதற்கும் முன்னோர் ஒரு விதி வைத்திருந்தார்கள். அப்படி நடந்ததே இல்லை. ஆகவே யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

முதலில் காரியப்பர் என்பவர் வந்தார். நேர்மையானவர். வேங்கைமங்கலத்தார் அவரை விசாரித்தார்.

"மோரில் உப்புப் போடுவீரா?"

"போடுவேன்."

"நெடுங்குளத்தாரும் போடுவார். நீர் அவருடைய ஆள்." வெற்றிலை கவிழ்ந்தது.

அடுத்து வந்தவர் வெளியிலேயே இதைக் கேள்விப்பட்டு, மோரில் உப்பே போடுவதில்லை என்றார். நெடுங்குளத்தார் கவிழ்த்தார். மூன்றாவது ஆள் மோரே குடிப்பதில்லை என்றார். எதையோ மறைக்கிறார் என்று வேங்கைமங்கலத்தார் கவிழ்த்தார்.

இருக்கை காலியாகவே கிடந்தது. சிறை நிரம்பியது.

சிறையில் தொப்பளான் என்ற ஓடக்காரன் இருந்தான். அரண்மனை நெல்மூட்டைகளை ஏற்றி வந்தபோது வெள்ளத்தில் அவன் ஓடம் கவிழ்ந்தது. மூட்டைகளைத் திருடிவிட்டான் என்று பிடித்து அடைத்தார்கள். விலங்கு உரசி அவன் கணுக்கால் புண்ணாகிவிட்டது. அவன் மனைவி பூவாயி தினமும் கூழ் கொண்டுவந்து அரண்மனை வாசலில் நின்றாள்.

ஒரு நாள் அவள் விகடகவி குப்பாண்டியை வழிமறித்தாள்.

"சாமி, ராசாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"என்னம்மா சொல்லணும்? விடச் சொல்லணுமா?"

"விடக்கூட வேணாம் சாமி. தண்டனையாச்சும் குடுக்கச் சொல்லுங்க. தண்டனைன்னா அதுக்கு ஒரு முடிவு இருக்கும்ல. கால்ல புழு வச்சிருச்சு. இப்புடியே விட்டா கால் போயிரும், அப்புறம் ஆளும் போயிரும்."

குப்பாண்டி அவள் கையிலிருந்த கூழ்ச்சட்டியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

உள்ளே நான்காவது ஆளுக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அரசர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"போதும்! இந்த இரண்டு பந்தியும் ஒரே குரலில் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நாளைக்கே அதை நான் கேட்க வேண்டும். யாரால் முடியும்?"

வேங்கைமங்கலத்தாருக்கு நீண்ட நாளாகக் குப்பாண்டி மேல் ஒரு கண். அரசர் தன் யோசனைகளுக்குக் கொட்டாவி விடுகிறார், இவன் வாயைத் திறந்தால் சிரிக்கிறார் என்ற எரிச்சல். எழுந்து பணிவாகச் சொன்னார்:

"அரசே, சபையின் ஞானசூரியன் குப்பாண்டி இருக்கும்போது கவலை ஏன்? அவர் செய்து முடிப்பார். முடியாவிட்டால் தலையை மொட்டையடித்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போகட்டும்."

"இது ஒன்றில் மட்டும் வலப்பந்தி சொல்வது சரி" என்றார் நெடுங்குளத்தார்.

"அரசே, பாருங்கள், என்னைத் துரத்துவதென்றால் ஒற்றுமை வந்துவிடுகிறது" என்றான் குப்பாண்டி. "நாளை காலை நடுவர் இருக்கையைச் சுற்றி ஒரு திரை கட்ட உத்தரவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் திரை கட்டியாயிற்று. சபை கூடும் முன் குப்பாண்டி வேங்கைமங்கலத்தாரின் காதருகே போனான்.

"ஐயா, உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நடுவர் இடத்தில் யார் என்று இப்போது கேட்காதீர்கள். ஆனால் நெடுங்குளத்தார் இத்தனை காலம் யாரையும் அங்கே வரவிடாமல் தடுத்தாரே, அது இந்தத் திரைக்குள் இருப்பதைக் காப்பாற்றத்தான்."

"அப்படியா சேதி" என்று மீசையைத் தடவினார் அவர்.

பிறகு நெடுங்குளத்தாரிடம் போய், பெயரை மட்டும் மாற்றி அதையே சொன்னான். இரண்டு இடத்திலும் அவன் பொய் சொல்லவில்லை.

சபை கூடியது. இம்முறை குப்பாண்டியே இரு தலைவர்கள் முன்னும் வெற்றிலை வைத்தான்.

"விசாரிக்கலாம்" என்றார் அரசர்.

"திரைக்குள் இருப்பவரே, உமது ஊர் எது?" என்றார் வேங்கைமங்கலத்தார்.

பதில் இல்லை.

"உம்மைத்தான்! ஓர் ஏழை உம்மிடம் முறையிட்டால் என்ன செய்வீர்?" என்றார் நெடுங்குளத்தார்.

பதில் இல்லை.

"எவ்வளவு திமிர் பாருங்கள் அரசே! கேட்ட கேள்விக்கு வாய் திறக்கவில்லை. இப்படிப்பட்டவர் முன் வழக்கு வந்தால் வழக்கு அப்படியே கிடந்து மட்கும்."

"முதன்முறையாக வேங்கைமங்கலத்தார் உண்மை பேசுகிறார். இவரிடம் இரக்கம் என்பதே கிடையாது. இவர் இருந்தால் குற்றமற்றவனும் சிறையிலேயே சாவான்!"

"ஒரு கட்டைக்கு இருக்கும் அறிவுகூட இவருக்கு இல்லை!"

இரண்டு வெற்றிலைகளும் ஒரே சமயத்தில் கவிழ்ந்தன. இரண்டு பந்திகளும் எழுந்து நின்று கூவின: "தகுதியற்றவர்!"

மண்டபம் அதிர்ந்தது. குப்பாண்டி அரசரைக் கும்பிட்டான்.

"ஒரே குரல், அரசே. ஒரே சொல். கேட்டீர்களா?"

திரையை இழுத்தான். உள்ளே இருக்கை மட்டும் இருந்தது. தூசி படிந்திருந்தது. ஒரு பல்லி ஓடி ஒளிந்தது.

"நடுவர் இடத்தில் இத்தனை காலம் இருந்தவர் இவர்தான். எதிர்ப்பந்தியின் ஆளைவிட வெறும் இருக்கையே மேல் என்று இரண்டு பெரியவர்களும் காத்து வந்தார்கள். இன்று அவர்களே விசாரித்து, குற்றங்களை ஒன்றுவிடாமல் சொல்லி, நீக்கிவிட்டார்கள். கட்டியக்காரரே, இருபந்தியும் வெற்றிலையைக் கவிழ்த்தால் விதி என்ன?"

சபை விதிகளை அறிவிக்கும் கட்டியக்காரர் தயங்கினார். "அடுத்து அரசர் சொல்பவரே நடுவர். யாரையும் கேட்க வேண்டியதில்லை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கிரீடம் சரிந்தது, அப்போதும் சிரித்தார். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து, "வா, வாங்கிக்கொள். யாரை நடுவராக்கலாம், அதையும் நீயே சொல்" என்றார்.

"உட்காரத் தெரிந்த யாராயிருந்தாலும் சரி, அரசே. சால்வை இருக்கட்டும். முதலில் ஒரு வழக்கைக் கேளுங்கள்."

அரசர், முதலில் வந்த காரியப்பரையே அழைத்தார். அவர் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். தொப்பளானைக் கொண்டுவந்தார்கள். இரண்டு காவலர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பின்னாலேயே பூவாயியும் வந்தாள்.

"காணாமல்போன மூட்டைகள் கிடைத்தனவா?" என்று கேட்டார் காரியப்பர்.

களஞ்சியம் வேங்கைமங்கலத்தாரின் பொறுப்பு. அவர் தொண்டையைச் செருமினார்.

"கிடைத்தன. கோரைப்புதரில் ஒதுங்கியிருந்தன."

"எப்போது?"

"வெள்ளம் வடிந்ததுமே."

"பிறகு ஏன் இவனை விடவில்லை?"

"விடுவிப்பதற்கு நடுவர் வேண்டுமே."

நெடுங்குளத்தார் சட்டென்று எழுந்தார். "பாருங்கள் அரசே! இதுதான் வலப்பந்தியின்..."

"உமக்கு இது எப்போது தெரியும்?" என்றார் காரியப்பர்.

நெடுங்குளத்தார் நின்றபடியே இருந்தார். "எனக்கும் அப்போதே தெரியும்" என்றார். பிறகு உட்கார்ந்தார்.

காரியப்பர் விலங்கைக் கழற்றச் சொன்னார். வழக்கு முடிந்தது. மோரைப் பற்றிக் கேட்ட நேரம்கூட ஆகவில்லை.

பூவாயி ஓடிவந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவன் காலைப் பார்த்தாள். பிறகு அவனை மெதுவாகத் தரையில் உட்கார வைத்துவிட்டு, வலப்பந்தி முன் விழுந்து கும்பிட்டாள். எழுந்துபோய் இடப்பந்தி முன்னும் விழுந்தாள்.

"நீங்கெல்லாம் நல்லா இருக்கணும் சாமிகளா. வாசல்ல நின்னு தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரே சத்தமா இருக்கும். என்ன பேசுறீகன்னு புரியாது. இம்புட்டுப் பெரியவுக, நம்ம வீட்டுக்காரருக்காக இப்புடித் தொண்டத்தண்ணி வத்தச் சண்ட போடுறாகளேன்னு நெனச்சுக்குவேன். அந்தத் தெம்புலதான் மறுநாளும் வருவேன்."

வேங்கைமங்கலத்தார் கவிழ்ந்து கிடந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுங்குளத்தார் தன் மேல்துண்டை இழுத்து முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டார். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று குப்பாண்டி ஒரு கணம் நினைத்தான். சொல்லவில்லை. புருஷனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடத்திக் கூட்டிப்போனாள். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை சபை அசையவில்லை.

அரசர் சிரித்தார், பரிசு கொடுத்தார் என்றுதான் இந்த மாதிரிக் கதைகளை முடிப்பார்கள். அரசர் சிரித்தது உண்மை. பரிசு கொடுத்ததும் உண்மை. ஆனால் சால்வையை நீட்டும்போது அவர் தரையைப் பார்த்தார். குப்பாண்டி அதை வாங்கி, போர்த்திக்கொள்ளாமல் கையில் சுருட்டி வைத்துக்கொண்டான். அன்று மதியம் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அரசருக்குத் தூக்கம் வரவில்லை.