டீயும் தீர்ப்பும்

உயர் நீதிமன்ற வாசலில் பேச்சியம்மாளின் டீக்கடை. அதை எடுப்பதா விடுவதா என்று வழக்கு. விசாரித்த நீதிபதிகள் இரண்டு பேர். மூத்தவர் எடு என்றார், இளையவர் விடு என்றார்.

"நான் சீனியர், என் பேச்சுதான் தீர்ப்பு!" மூத்தவர் அதட்டிவிட்டு, எதிரே நின்ற பேச்சியம்மாளிடம் திரும்பினார். "வேணும்னா, எங்க ரெண்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரே டீ போடு. கடையை விட்டுடறேன்."

போட்டு வந்தாள்.

"சர்க்கரை அதிகம்," என்றார் மூத்தவர்.

"கம்மி," என்றார் இளையவர்.

"தோத்துட்டே. கடையை எடு!"

"அதெப்படிங்க ஐயா? ரெண்டு நீதிபதிக்கு ஒத்துவரலைன்னா மூணாவது நீதிபதிகிட்டதானே போகணும்? டீயும் போகட்டும், வழக்கும் போகட்டும்."

மூத்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அனுப்பினார். மூன்றாமவர் கடை இருக்கட்டும் என்றார்.

சர்க்கரை அதிகம் என்று திட்டிக்கொண்டே மூத்தவர் இன்றும் அங்கேதான் குடிக்கிறார்.