ரிட்டயர் ஆகும் வரைக்கும்

இது கோர்ட்டுக்குப் போன வழக்கு இல்லை. பஞ்சாயத்தும் கூடவில்லை. ஆனாலும் காதுக்கு வந்த நாளிலிருந்து இதற்கு ஒரு தீர்ப்புச் சொல்வதும் மறுநாளே அதை மாற்றிக்கொள்வதுமாக இருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் சொல்லுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் இரண்டு பெண்கள். சம்பந்திகள். இருவருமே ஆபீசுக்குப் போகிறவர்கள். செண்பகவல்லி போவது தாலுகா ஆபீசுக்கு. கணவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. தட்டச்சராகச் சேர்ந்து உதவியாளராக உயர்ந்திருந்தாள். பேச்சியம்மாள் போவது தீப்பெட்டி ஆபீசுக்கு. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். சிறுமியாகக் குச்சி அடைக்கப் போனவள், தரையில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்து, முட்டி தேய்ந்த பிறகு பண்டல் சரிபார்க்கும் பெஞ்சுக்கு வந்திருந்தாள். அந்தப் பெஞ்சுக்காக அங்கே பல பேர் காத்திருந்தார்கள்.

செண்பகவல்லியின் மகள் சுகந்தி தனியார் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். பேச்சியம்மாளின் மகன் முத்துராஜ் பைக் ஷோரூமில் விற்பனையாளன். இந்த இருவருக்கும் கவின் பிறந்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. ஐந்தாம் மாதம் பிள்ளையைச் சீரோடு கொண்டுவந்து விட்ட அன்று, சுகந்தி வேலைக்குத் திரும்பிய பிறகு பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. செண்பகவல்லி சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் நீங்க பாத்துக்கிடுங்க மதினி. அதுக்கப்புறம் பிள்ளை என் பொறுப்பு."

அது எப்போது என்று பேச்சியம்மாள் கேட்டாள். வருகிற தையில் என்றாள் இவள்.

பேச்சியம்மாள் ஆபீஸ் கணக்குப்பிள்ளையிடம் போய், தை பிறந்ததும் வந்துவிடுகிறேன், அதுவரை பெஞ்சில் வேறு ஆளை உட்காரவையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து பேரனை வாங்கிக்கொண்டாள்.

தை வருவதற்குள் அரசாணை வந்தது. ஓய்வு வயது ஐம்பத்தெட்டு இல்லை, ஐம்பத்தொன்பது. சேதி கேட்டுப் பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள்.

"வயசு ஏறும்னு தெரியும். ரிட்டயர் வயசுமா ஏறும்? உங்க ஆபீஸ்ல எல்லாமே ஏறுது மதினி. எங்க ஆபீஸ்ல ஏறுறது சுகர் ஒண்ணுதான்."

கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சி இன்னும் ஒரு வருடம் வாங்கினாள். கவின் நடக்க ஆரம்பித்தான். அந்த வருடம் முடிவதற்குள் இரண்டாவது ஆணை வந்தது. ஓய்வு வயது அறுபது.

இந்த முறை கணக்குப்பிள்ளை கையை விரித்துவிட்டார். பொங்கல் கழிந்து வராவிட்டால் பெஞ்ச் மற்றவளுக்குத்தான். பிறகு வந்தால் பழையபடி தரையில் உட்கார்ந்து குச்சி அடைக்கலாம். அவளால் இனித் தரையில் உட்கார முடியாது என்று அவருக்கும் தெரியும். பேச்சியம்மாள் மகனிடம் சொல்லி அனுப்பினாள். முத்துராஜ் மாமியாரிடம் சேதியைச் சொல்லி, நீங்கள் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றுவிட்டு ஷோரூமுக்குப் போனான்.

செண்பகவல்லி நினைத்திருந்தால் விருப்ப ஓய்வு வாங்கியிருக்கலாம். மகளும் அதைத்தான் கேட்டாள்.

"புருஷன் செத்துக் கிடைச்ச வேலைன்னு எத்தனை வருஷம் சொன்னாங்க தெரியுமா? இப்பத்தான் என் வேலைன்னு ஆகியிருக்கு. கவர்மெண்டே இருன்னு சொல்லும்போது நான் எதுக்குடி போகணும்? ரிட்டயர் ஆனதும்னுதான் நான் சொன்னேன். ஆனதும் பார்ப்பேன்."

அதுவரை ஓர் ஆயாவை வைக்கலாம், சம்பளம் நான் தருகிறேன் என்றும் சொன்னாள். சரியாகப் பேச்சு வராத பிள்ளையை முன்பின் தெரியாத ஆளிடம் விட சுகந்திக்கு மனம் இல்லை. சம்பந்திகள் நேரில் பேசிக்கொள்ளவே இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், பேச்சியம்மாள் பேரனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மாற்றுத் துணிப் பையோடு தாலுகா ஆபீசுக்குத் தூக்கிப் போனாள். சான்றிதழுக்கு வந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையைச் செண்பகவல்லியின் மேஜைமேல் உட்காரவைத்தாள்.

"தை பிறந்துட்டு மதினி. எனக்கும் ஆபீஸ் இருக்கு."

பிள்ளை அழுதான். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்த் தீப்பெட்டி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

செண்பகவல்லி பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி மகளுக்குப் போன் செய்தாள். சுகந்தி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தாள்; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைக்கு அம்மா பக்கத்தில் இருப்பதுதான் நல்லது என்றான் முத்துராஜ்.

செண்பகவல்லி தான் சொன்ன சொல்லில் நின்றாள். பேச்சியம்மாள் தான் நம்பிய நாளில் நின்றாள். சுகந்தி தன்னுடையதை விட்டுவிட்டாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பேச்சியம்மாள் செய்தது சரி. கொடுத்த வாக்கு, கேட்டவர் நம்பிய பொருளில்தான் செல்லும். ரிட்டயர் என்பது அவள் வாழ்க்கையில் இல்லாத சொல். அவள் நம்பியது தையை. செண்பகவல்லி வேலையில் நீடித்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டுப் படியேறி, என் வாக்கிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் மதினி என்று அவள் கேட்டிருக்க வேண்டும். சுகந்தி செய்ததைச் சரி என்றும் தவறு என்றும் சொல்ல முடியாது. அவளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. இப்படித் தீர்த்துவிட்ட திருப்தியோடு என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "ஏன், அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்லையா?" என் கணக்கில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.