படத்தில் நிற்காத வால்

ஞானப்பிரகாசம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்துவிட்டு நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருக்கு வழிகாட்டும் பேராசிரியை செண்பகவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஞானப்பிரகாசம் 'மேடம்' என்று கூப்பிடுவார். இந்தம்மா 'சார்' என்று பதில் சொல்லுவார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

ஒருநாள் காலை ஞானப்பிரகாசம் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். செல்லுக்குள் சர்க்கரையை எரிக்கிற என்சைம் கூட்டம் ஒன்று. கண்ணுக்கு எட்டாத பொருள். அதை உறைய வைத்து, லட்சக்கணக்கில் படம் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருவத்தைக் கண்டிருந்தார். மூன்று வருஷப் பாடு.

"சிற்பம் மாதிரி இருக்கு சார்."

"சாயங்காலம் கட்டுரையை அனுப்பிடலாமா மேடம்?"

"மனசுல ஏதோ இருக்கு. சொல்லுங்க."

"சர்க்கரை போதும்னா இது தானா நிக்கணும். நிறுத்துற இடம் எங்கேன்னு மூலைமுடுக்கெல்லாம் தேடிட்டேன். காணோம்."

"உருவம் முழுசா இருக்கா?"

"முழுசுதான். ஒரு வால் மட்டும் தொளதொளன்னு ஆடிக்கிட்டு, படத்தையே மங்கலாக்குச்சு. என்சைமையே அந்த வால் இல்லாம மறுபடி செஞ்சு படம் எடுத்தேன். அப்புறம்தான் இவ்வளவு தெளிவு."

"வாங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

யாருக்கோ பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் அன்று விடுதியில் இலைபோட்டுச் சாப்பாடு. பேராசிரியை அவரை உட்காரவைத்துவிட்டு, பாயச வாளியைத் தானே தூக்கிக்கொண்டார்.

ஒரு கரண்டி. இன்னொன்று.

"போதும் மேடம்."

கரண்டி மறுபடி வந்தது. அவர் இலைக்குக் குறுக்கே கையை வைத்தார். கரண்டி இடப்பக்கம் போனால் கையும் போனது. வலப்பக்கம் வந்தால் கையும் வந்தது.

"விடாதீங்க சார்!" என்று பந்தியே சிரித்தது.

"கையை எடுங்க சார்."

"எதுக்கு மேடம்?"

"இலை எவ்வளவு அழகா இருக்கு! உங்க கை ஆடி ஆடி மறைக்குது. ஒண்ணும் சரியாத் தெரியல."

"எடுத்தா ஊத்திடுவீங்களே!"

பேராசிரியை கரண்டியோடு அப்படியே நின்றார்.

ஞானப்பிரகாசம் தன் கையைப் பார்த்தார். மோருக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்து போனார்.

கட்டுரை போகவில்லை. சர்க்கரையைக் கூட்டியும் குறைத்தும் வாலோடு எடுத்து, மங்கல் என்று ஒதுக்கிய பழைய படங்களையெல்லாம் திறந்தார். முன்பு எல்லாவற்றையும் ஒரே அடுக்காக அடுக்கியிருந்தார். இப்போது வால் எங்கெங்கே நிற்கிறதென்று பார்த்து, தனித்தனியாகப் பிரித்தார். மாதக்கணக்கில் ஆனது. இந்த வயதில் முதலிலிருந்தா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள்.

ஒரு மத்தியானம் பேராசிரியையைக் கூப்பிட்டார்.

திரையில் இரண்டு உருவங்கள். சர்க்கரை குறைந்தபோது எடுத்ததில், வால் வெளியே நீண்டு கிடந்தது. சர்க்கரை நிறைந்தபோது எடுத்ததில், அதே வால் வளைந்து வந்து, என்சைமின் வாயை உள்ளங்கைபோலப் பொத்திக்கொண்டிருந்தது.

பேராசிரியை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம்! இதுக்குக் கண்ணில்ல, நாக்கில்ல. போதும்னு எப்படித்தான் தெரியுதோ!" அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

பேராசிரியை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெல்லப் பேசுங்க சார். உங்களுக்குள்ளயும் இப்ப இதே வேலை நடந்துக்கிட்டிருக்கு."