பினாங்குப் பெரியப்பா குடிக்காத காபி

கதையை நான் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்கள் பாடு. வைரக்கண்ணுவின் மேல் இரக்கம் வந்தால் வரட்டும், அதற்காக அவசரப்பட்டு அவரை விடுதலை செய்துவிடாதீர்கள்.

வைரக்கண்ணு சினிமாவில் பணக்காரர். அதாவது, விருந்துக் காட்சி எடுக்கிறார்கள் என்றால் பட்டு ஜிப்பாவும் டோப்பா முடியுமாக, கையில் பழரசக் கோப்பையோடு பின்னால் நிற்கிற கூட்டத்தில் ஒருவர். வசனம் கிடையாது. டோப்பாவுக்குக் கீழே வழுக்கை, குடியிருப்பு வடபழனியில் ஓர் ஒற்றை அறை. அந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. கோப்பையைப் பிடிக்கலாம், உதட்டருகே கொண்டுபோகலாம், குடிக்க மட்டும் கூடாது. குடித்தால் அடுத்த ஷாட்டில் அளவு குறைந்து தெரியும், உதவி இயக்குநரிடம் திட்டு விழும். ஆயுசில் பாதி இப்படியே நின்றதில், பட்டு ஜிப்பா உடம்பில் ஏறிவிட்டால் அவருக்குக் கோப்பையைச் சாய்க்கக் கை வராது.

அதே ஸ்டுடியோவில் விளக்கு பிடிக்கும் பரிதி, தாய் தகப்பன் இல்லாதவன். மதுராந்தகத்தில் மாவு மில் வைத்திருக்கும் தாண்டவராயனின் மகள் அல்லியை ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, பழகி, இருவருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. தாண்டவராயன் பையனிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. "நிச்சயத் தட்டை மாத்திக்க உங்க பக்கம் ஒரு பெரியவர் வேணும் தம்பி. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கறது?" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

பரிதி வைரக்கண்ணுவிடம் வந்து நின்றான். "பெரியப்பாவா வாங்கண்ணே. சாதாரணமா ஒரு வேட்டி சட்டை போதும்."

அந்த இடத்தில்தான் வைரக்கண்ணு கெட்டார். "ஏழையா நடிச்சு எனக்குப் பழக்கமில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, பினாங்கில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் பெரியப்பாவாகத் தன்னைத்தானே உயர்த்திக்கொண்டார். ஒரு நாளாவது ஒரு வீடே தன்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை. பரிதியும் தடுக்கவில்லை.

நிச்சய நாளன்று கூடம் நிறைய உறவுக்காரர்கள். அல்லியின் அம்மா கொண்டுவந்த காபியை, பட்டு ஜிப்பாவும் டோப்பாவுமாக வந்திருந்த வைரக்கண்ணு வாங்கினார், கம்பீரமாக உதட்டருகே கொண்டுபோனார், அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபியில் ஆடை படிந்தது. சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் பேச்சு மெல்ல அடங்கியது.

"சம்பந்தி, ஒரு நிமிஷம் வாங்க" என்று தாண்டவராயன் அவரை வீட்டு முகப்பிலிருந்த மில்லுக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். "உங்க வசதிக்கு நாங்க ஈடில்லதான். காபியக்கூட நீங்க தொடல. எனக்குன்னு இருக்கறது இந்த மில்லும் வீடும். ரெண்டையும் மாப்பிள்ளை பேருக்கு எழுதிடறேன். எம் பொண்ணு அந்தப் பையன்மேல உசிரையே வெச்சிருக்கா. வேணாம்னு மட்டும் எழுந்து போயிடாதீங்க." சொல்லிவிட்டுக் கைகூப்பினார்.

உள்ளே இருந்தது இரண்டே பேர். வைரக்கண்ணு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பரிதியின் கல்யாணம் போய்விடுமே என்று நினைத்தார். தன் மானம் போய்விடுமே என்று அதற்கு முன்பே நினைத்துவிட்டார். வசனம் பேசிப் பழகாத வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"பார்க்கலாம்."

தாண்டவராயன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கூடத்துக்கு வந்து மில்லையும் வீட்டையும் எழுதித் தருவதாக எல்லோர் முன்னாலும் அறிவித்தும்விட்டார். பரிதி ஆடிப்போனான். வைரக்கண்ணுவின் காதோடு, "பேசாம இருங்கண்ணே. கல்யாணம் முடியட்டும், அவர் வீட்டை அவர்கிட்டயே குடுத்துடறேன்" என்றான். சொன்னால் செய்கிறவன்தான் அவன்.

தட்டைக் கையில் எடுக்கும் நேரத்தில் அல்லி உள்ளிருந்து வந்தாள். பரிதியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கப்பா அம்மாவைத் தெருவில நிறுத்திட்டு எனக்குக் கல்யாணம் வேணாம். தட்டை எடுத்துக்கிட்டுப் போங்க."

பெற்றவரே வாயை மூடு என்று அதட்டினார். இனி எவன் இவளைக் கட்டுவான் என்று அத்தைமார்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு அழுகை பொங்கியது, ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

அதற்குமேல் வைரக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. எழுந்து டோப்பாவைக் கழற்றினார். "பினாங்கும் இல்ல, ஆலையும் இல்ல. நான் கூட்டத்தில நிக்கற நடிகன். ஷூட்டிங்ல கையில குடுத்தத குடிக்கக் கூடாது, அந்தப் பழக்கத்தில காபிய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். வீட்டை இந்தப் பையன் கேக்கல. எல்லாத் தப்பும் என்னோடது" என்றார். கூடமே அவருடைய வழுக்கையைப் பார்த்தது. ஒரு வீடே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்ட பரிதி, கல்யாணமே வேண்டாமென்ற அல்லி, மானத்தை விட்டு உண்மையைச் சொன்ன வைரக்கண்ணு. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பலரும் வைரக்கண்ணு என்பீர்கள். கத்தித் தீர்த்த பிறகு தாண்டவராயனும் அதையேதான் சொன்னார். "சபையில உண்மையைச் சொன்ன மனுஷன், இவரே தட்டை மாத்தட்டும்" என்றார். ஆனால் சரியாகச் செய்தவள் அல்லி. பரிதியின் எண்ணம் நல்லதுதான், அது நிறைவேறும்வரை வீடு போன கவலையைச் சுமக்கப்போவது அவன் இல்லை. வைரக்கண்ணுவுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது, கதவும் சாத்தியிருந்தது, ஒரே ஒருவரிடம் சொன்னால் போதும். சொல்லவில்லை. அல்லிக்கு ஒன்றுமே தெரியாது, எதிரே ஊரே இருந்தது, ஆசைப்பட்டவனையே இழக்கப்போகிறாள். சொன்னாள். அவள் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. இது மற்றவர்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். வீட்டை எழுதும் பேச்சு நின்றது, அல்லியும் சம்மதித்தாள். தட்டு மாற்றி முடிந்ததும் ஆசீர்வாதம் வாங்க அல்லி அவர் காலடியில் குனிந்தாள். வைரக்கண்ணு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.