உப்பு ராஜாவுக்கு அபிஷேகம்

முன்னொரு காலத்தில், நாலு பேர் புகழாவிட்டால் ராஜாக்களுக்குச் சோறு இறங்காத காலத்தில், செண்பகமாறன் என்றொரு ராஜா இருந்தார். திடீரென்று அவருக்கு உப்பில் தன் சிலை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்யும் காத்தாயி, ஒரு முழ உயரத்தில், முறுக்கு மீசை உட்பட, செய்து கொண்டுவந்தாள். ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. "இதை அழிப்பவர் யாராயினும் குடும்பத்தோடு நாடு கடத்தப்படுவர்" என்று ஆணையிட்டார்.

நல்ல பெயர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்த பிரதானி விருதராயர் சும்மா இருப்பாரா? சிலையைக் கல்தொட்டியில் உட்கார வைத்து, மேளதாளத்தோடு பத்துக் குடம் தண்ணீர் அபிஷேகம் செய்தார். முதலில் மீசை போனது. மறுநாள் காலையில் தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

சபையில் பிரதானி கொஞ்சமும் கூசாமல் பழியைக் காத்தாயி மேல் போட்டார். "அரசே, இவள் போலிச் சரக்கால் தங்களை ஏமாற்றியிருக்கிறாள். திருவுருவம் அடியோடு அழிந்தது."

காத்தாயி கையைப் பிசைந்தாள். நான்கு பிள்ளைகளோடு எல்லை தாண்டி எங்கே போவாள்? "சாமி, தண்ணி ஊத்தினா உப்பு கரையாதுங்களா?" என்றாள். பாவம், அவள் பேச்சு எடுபடவில்லை.

அரண்மனை விகடன் மாடக்கூத்தன் எழுந்தான். பிரதானிக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"அரசே, எதுவும் அழியவில்லை. தாங்கள் தொட்டிக்குள்தான் எழுந்தருளியிருக்கிறீர்கள். விரலால் தொட்டு நாவில் வைத்துப் பாருங்கள்."

ராஜா வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. "உப்பு" என்றார்.

"கரைந்திருக்கிறது, அவ்வளவே. ஒரு கொப்பரையும் விறகும் தந்தால் மூன்று நாளில் உப்பைத் திருப்பித் தருகிறேன்."

"கரைந்தால் என்ன, எரிந்தால் என்ன? போனது போனதுதான்" என்றார் பிரதானி, விடாமல்.

மாடக்கூத்தன் ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் மறு கையில் எரியும் விளக்குமாக அவர் முன்னே போய் நின்றான். "பிரதானியாருக்கு இரண்டும் ஒன்றாம். தங்கள் பட்டுத் தலைப்பாகையை இதில் நனைக்கட்டுமா, இதில் காட்டட்டுமா?"

விருதராயர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணீரில், தண்ணீரில்."

"ஏன்?"

"நனைந்தால் காய்ந்துவிடும். எரிந்தால் சாம்பல் அல்லவா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சபை கொல்லென்று சிரித்தது.

மூன்று நாள் கொப்பரை கொதித்தது. கிளறியவர் பிரதானி. தண்ணீரெல்லாம் ஆவியாகப் போனதும் அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு நின்றது. காத்தாயி ஒரு சிட்டிகை வாயில் போட்டாள். "எங்க அளத்து உப்புதான் சாமி" என்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மறுபடியும் என் சிலையைச் செய்வாயா?" என்று கேட்டார் ராஜா.

"செஞ்சு தாரேன் சாமி. கும்பிடுறவங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த கையோடு காத்தாயிக்குப் பட்டுச் சேலையும், மாடக்கூத்தனுக்குப் பிரதானியின் தலைப்பாகையும் கொடுத்தனுப்பினார்.