குளிரை உள்ளே கூப்பிட்டவ

ஒரு ஊர்ல ஒரு போர்வை வியாபாரி இருந்தானாம். "ம்" கொட்டு கண்ணு. நீ ம் கொட்டுனாத்தான் கதை நகரும், இல்லாட்டி சண்டி மாடாட்டப் படுத்துக்கும்.

ம்...

அப்படி! சென்னிமலைக்குப் பக்கத்துல ஊரு. அவன் பேரு தவசியப்பன், பொண்டாட்டி பேரு பாவாயி. கல்யாணமாகி நெம்ப நாளாப் புள்ள இல்ல. போகாத கோயில் இல்ல, சுத்தாத அரசமரம் இல்ல. அப்புறம் ஒரு வழியா ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சு. சிட்டுன்னு கூப்புடுவாங்க. இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கல, ஆனா தொண்டை மட்டும் மில்லுச் சங்கு. "ங்ஙாஆஆ"ன்னு எடுத்தா அடுத்த ஊர் நாயெல்லாம் எந்திரிச்சு உக்காரும்.

அவங்களுக்கு வீடு எங்கன்னு கேளு. ஒரு பழைய பஸ்ஸு! சிரிக்காத, நெசமாத்தான். ஓட்டி ஓட்டிச் சலிச்சுப்போன பஸ்ஸை வாங்கி, சீட்டையெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு, ஒரு கட்டிலு, ஒரு ஸ்டவ்வு, மேல கம்பியில ஒரு சீலைத் தூளி. ஊர் ஊராப் போயிப் போர்வை விக்கிறது, பொழுது சாஞ்ச எடத்துல நிறுத்திப் படுத்துக்கறது. தவசியப்பன் வெயில்ல பொறந்து வெயில்ல வளர்ந்தவன். காத்து வேணும், காத்து வேணும்னு சொல்லிச் சொல்லி, பஸ்ஸுல எங்கெல்லாம் ஓட்டை போடலாமோ அங்கெல்லாம் போட்டு வெச்சிருந்தான்.

அப்போ மார்கழி மாசம். மலை மேல போர்வைக்கு நல்ல கிராக்கின்னு ஊட்டிப் பக்கம் பஸ்ஸை ஏத்துனாங்க. சனம் அடிச்சுப் புடிச்சு வாங்குச்சு. வித்தான் வித்தான், அலமாரி காலியாகுற வரைக்கும் வித்தான். கடைசில இருந்தது ஒண்ணே ஒண்ணு. தூளிக்குள்ள சிட்டுக்கு விரிச்சிருந்த கெட்டிப் போர்வை. பாவாயி குழாயடிக்குப் பாத்திரம் கழுவப் போயிருந்தா. டீக்கடைப் பெரியவர் ஒருத்தர் வந்து, "ஏப்பா, இன்னொண்ணு இருக்குமா?"ன்னாரு. நம்ம ஆளு அதையும் உருவிக் குடுத்துட்டான்! வியாபாரிக்குக் கை அரிக்குமில்ல?

பாவாயி வந்து பாத்தா. "ஏனுங், ஊருக்கெல்லாம் போர்வை வித்துட்டுப் பெத்த புள்ளையை மொட்டையாப் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"பொழுதோட கீழ எறங்கிருவோம் புள்ள. நம்மூர் வெயிலுக்குப் போர்வை எதுக்கு?"

வாய் வெச்சான் பாரு! உப்பு விக்கப் போனா மழை பெய்யுமாம், மாவு விக்கப் போனாக் காத்தடிக்குமாம். இவங்க எறங்கி வந்தா, காட்டு ரோட்டுல கேட்டைச் சாத்திட்டாங்க. கேட்டுக்காரரு பூட்டைப் போட்டுட்டு, "யானை நடக்குற நேரமப்பா. இனிக் காலைலதான்"னு சொல்லி ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. சரி, திரும்பி மேல போலாம்னு பாத்தா, பால் சட்டியக் கவுத்தாப்புல மூடுபனி. முன்னால கையை நீட்டுனா விரல் தெரியல. அப்போ வேற வழி? ரோட்டோரத்துப் புல்லு மேட்டுல பஸ்ஸை நிறுத்திட்டாங்க.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

பொழுது எறங்குச்சு. குளுரும் எறங்குச்சு. சும்மா இல்ல கண்ணு, புல்லு மேல தண்ணி அப்படியே கல்லாட்ட ஒறையுற குளுரு. தகர வண்டி வேற. தகரம் இருக்கே, வெயில்ல அது அடுப்பு, குளுர்ல ஐஸ் பொட்டி. தவசியப்பன் போட்ட ஓட்டையிலெல்லாம் குளுரு "ஊஊஊ"ன்னு ஊதிக்கிட்டு வந்துச்சு. சிட்டு அழ ஆரம்பிச்சா. பாவாயி தொட்டுப் பாத்தா, பாதம் ரெண்டும் ஜில்லுன்னு கெடக்குது. உதடு நாவப்பழ நெறம். அழுது வாங்குன புள்ள! விடியுற வரைக்கும் இதை உசுரோட காப்பாத்தணும், வேற ஒரு நெனப்பும் அவளுக்கு இல்ல.

ஸ்டவ்வுலயும் மண்ணெண்ணெய் தீந்து கெடந்துச்சு. முதல்ல தவசியப்பன் என்ன பண்ணான்? இஞ்சினை ஓட விட்டான். டுர்ர்ர்... டுர்ர்ர்... டடடடட! பஸ்ஸுல டிரைவர் பக்கத்துல இஞ்சின் மூடி இருக்குமில்ல, அது சுடும். பாவாயி புள்ளையைத் தூக்கிட்டுப் போயி அதும் பக்கத்துல ஒக்காந்தா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா டீசல் முள்ளு எறங்குது எறங்குது, அடிமட்டத்துக்கு வந்துருச்சு. டக்! நின்னு போச்சு. வெத்தலை போட்டுத் துப்புற நேரத்துல இஞ்சின் சூடு ஆறிப்போச்சு. சிட்டு மறுபடியும் "ங்ஙாஆ!"

அப்புறம் ரெண்டாவது. பாவாயி, "ஓட்டையை அடைங்க"ன்னா. அவ சீலை, அவன் வேட்டி, சாக்கு, பழைய பேப்பரு, புள்ளையோட துணி, எல்லாத்தையும் எடுத்து ஓட்டை ஓட்டையாத் திணிச்சாங்க. சன்னல் சந்துல திணி, கூரை மூடியில திணி, தரைப் பலகையில திணி. கதவுச் சந்துல, அலசிப் போட்டிருந்த ஈரத்துணியைச் சுருட்டித் திணி. ஊஊஊ சத்தம் நின்னுச்சு. அடேயப்பான்னு ஒக்காந்தாங்க. அப்போ டொப்! தவசியப்பன் மூக்கு மேல ஒரு சொட்டு. டொப்! தூளி மேல ஒரு சொட்டு. என்னன்னு பாத்தா, அவங்க விட்ட மூச்செல்லாம் தகரத்துல பட்டு வேர்த்துத் தண்ணியாக் கொட்டுது! அடக் கெரகமே! இப்போ புள்ள நனைஞ்சுக்கிட்டே நடுங்குது.

ம் கொட்டு.

ம்...

அப்புறம் மூணாவது. அங்கதான் வந்துச்சு வெனை. போர்வையை மடிப்புக் கலையாமத் தேய்ச்சு விக்கிறதுக்கு அவங்ககிட்ட ஒரு இஸ்திரிப் பொட்டி இருந்துச்சு. பித்தளைப் பொட்டி, உள்ள கரி போட்டுத் தேய்க்கறது. அதுக்குன்னு ஒரு மூட்டைக் கரியும் கெடந்துச்சு. தவசியப்பன் ஒரு இரும்புச் சட்டியில கரியைக் கொட்டி, விசிறு விசிறுன்னு விசிறித் தணலாக்குனான். பாவாயி சும்மா இருப்பாளா? நம்மூட்டுல புள்ளைக்குத் தலைக்கு ஊத்துனாச் சாம்பிராணி போடுவோமில்ல? தணல்னா புள்ளைக்கு நல்லதுதான்னு அவளுக்கு மனசுல பதிஞ்சு போச்சு. ஒரு சிட்டிகைச் சாம்பிராணியை எடுத்து மேல தூவுனா. புஸ்ஸ்! கமகமன்னு வாசம். ஊர்ல சாம்பிராணி போடறப்ப வாசக்கதவு தொறந்து கெடக்கும், முற்றத்துல வானம் தெரியும். அது அவளுக்கு அந்த நேரத்துல நெனப்பு வரல. பாவம், குளுருல நடுங்குறவளுக்கு எங்கிருந்து வரும்?

பஸ்ஸுக்குள்ள சூடு ஏறுச்சு. கை சூடாச்சு, கால் சூடாச்சு. தகரம் வேர்க்கறது நின்னுச்சு. சிட்டு விசும்பிக்கிட்டே தூங்கிப்போனா. "பாத்தியா புள்ள, அய்யன் வேலைய!"ன்னு தவசியப்பன் மீசையைத் தடவிக்கிட்டே சாஞ்சான். பாவாயிக்கும் இதமா இருந்துச்சு. கண்ணு சொருகுச்சு. தலை லேசா வலிச்சுது, அலைச்சல்னு நெனைச்சா. வாய் கசந்துச்சு, பட்டினின்னு நெனைச்சா. நீ தூங்கலாம் கண்ணு. ஆனா பாவாயி தூங்கக் கூடாது. அந்தக் கரி, புகையே இல்லாம ஒரு நஞ்சை விட்டுக்கிட்டு இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அது வெளிய போக ஒரு ஊசி ஓட்டை கூட அவங்க விட்டு வைக்கல.

ம்?

சாகலை, இரு, சொல்றேன். பதறாத.

அப்போ பாவாயிக்கு மாரு கடுகடுன்னு வலிச்சுது. பால் சுரந்து ரவிக்கை நனைஞ்சு போச்சு. அரைத்தூக்கத்துல யோசிக்கிறா, இது புள்ளைக்குப் பசிக்குற நேரமாச்சே. இந்நேரம் கத்திக் கூரையப் பிச்சிருக்கணுமே. ஏன் அழலை? ஏன் என் புள்ள அழலை?

வெடுக்குனு முழிச்சா. "ஏனுங், புள்ளையப் பாருங்"ன்னா. பதில் இல்ல. தவசியப்பன் படுத்தா லாரி மேடு ஏறுறாப்புல கொறட்டை விடுவான். இப்போ அதுவும் இல்ல. எந்திரிக்கப் பாத்தா, காலு ரெண்டும் பஞ்சு. தொப்புனு விழுந்தா. தவழ்ந்தா. தூளியை எட்டிப் புடிச்சுச் சிட்டுவை இழுத்து மடியில போட்டா. தலை இந்தப் பக்கம் துவளுது, அந்தப் பக்கம் துவளுது.

கதவுக்குப் போனா. ஒரு தள்ளு. அசையல. அவ திணிச்ச ஈரத்துணியே வெளிக்குளுருல ஒறைஞ்சு பசையாட்டக் கதவைப் புடிச்சுக்கிச்சு! ரெண்டாவது தள்ளு. கிறீச்னுது, தொறக்கல. மூணாவது தோளைக் குடுத்து மோதுனா. கதவு நின்ன எடத்துலயே நின்னுச்சு, அவதான் கீழ கெடந்தா. கண்ணு இருட்டுது. கையத் துழாவுறா, இஸ்திரிப் பொட்டி ஆப்புட்டுச்சு. பித்தளை, நல்ல கனம். எங்கிருந்து அவளுக்குப் பலம் வந்துச்சோ, சென்னிமலை முருகனுக்குத்தான் தெரியும். ரெண்டு கையாலயும் தூக்கிச் சன்னலைப் பாத்து வீசுனா.

சலீர்ர்ர்!

பொழுது எறங்குனதுல இருந்து எந்தக் குளுரோட மல்லுக்கட்டுனாளோ, அதே குளுரைப் பாத்துப் பாவாயி, "வா தாயே! உள்ள வா! வந்து என் புள்ளையத் தொடு!"ன்னு கெஞ்சுனா கண்ணு. ஊஊஊன்னு வந்துச்சு. சிட்டுவைத் தூக்கி அந்த ஒடைஞ்ச சன்னல்ல, காத்துக்கு நேராப் புடிச்சா. பாதத்தைத் தேய்ச்சா. முதுகைத் தட்டுனா. "அழு சாமி, ஒரு தடவை அழு, உன்னைக் கும்புட்டுக்கறேன்"ன்னா. சத்தம் இல்ல. உள்ளங்கால்ல விரலால சுண்டுனா. சத்தம் இல்ல. பாவாயி தன் கண்ணீர் மூஞ்சியை அதோட மூஞ்சி மேல வெச்சு அமுத்துனா.

அப்போ, "க்கும்"னு ஒரு சின்ன இருமல். அப்புறம் ஒரு விக்கல். அப்புறம்...

"ங்ஙாஆஆஆஆ!"

மலையே அதிர்ந்துச்சு! பாவாயி சிரிக்கிறா, அழுவுறா, ரெண்டும் ஒண்ணாப் பண்றா.

புள்ளையை ஒரு கையில இடுக்கிக்கிட்டுப் புருசங்கிட்டப் போனா. "ஏனுங், எந்திரிங்"ன்னா, பளார்! "ஏனுங், உங்களைத்தானுங்"ன்னா, பளார்! மரியாதை ஒரு பொட்டு கொறையல, அறையும் கொறையல. மூணாவது அறைக்குத் தவசியப்பன் "உவ்வே"ன்னு எந்திரிச்சான். ரெண்டு பேருமாச் சேந்து கதவைப் பேத்து, தணல் சட்டியை வெளிய வீசுனாங்க. பனிப்புல்லுல விழுந்து சுர்ர்ர்னு அணைஞ்சுச்சு.

இப்போ பஸ்ஸு வெளியவிடக் குளுரு. தவசியப்பன் தலையைப் புடிச்சுக்கிட்டு, "ஐயோ, இனி என்ன பண்றது?"ன்னான். பாவாயி ஓட்டைகளைப் பாத்தா. சீலை, வேட்டி, சாக்கு, எல்லாம் அங்கதான் தொங்குது. "அட பாவி மனுசங்களா! தகரத்துக்கெல்லாம் துணியக் கட்டிட்டு நம்ம ஒடம்ப அம்மணமா விட்டோமே"ன்னா. எல்லாத்தையும் புடுங்குனாங்க. ஈரத்தைத் தள்ளிட்டுக் காஞ்சதைச் சுத்துனாங்க. சாக்கைக் கீழ போட்டு, பேப்பரை நெஞ்சுக்குள்ள சொருகி, சிட்டுவை வெறும் ஒடம்பா நடுவுல வெச்சு, பாவாயி மாரு ஒரு பக்கம், தவசியப்பன் மாரு ஒரு பக்கம், அதுக்கு மேல சீலை சீலையாச் சுத்திக்கிட்டாங்க. சன்னல் தொறந்தபடியே கெடந்துச்சு. சிட்டு பால் குடிக்கும், கொஞ்சம் அழும், மறுபடியும் குடிக்கும்.

வெயில் வந்தப்புறம் கேட்டுக்காரரு வந்து எட்டிப் பாத்தாரு. "என்னம்மா, கைப்புள்ள இப்படிக் கத்துது, தட்டிக் குடுத்துத் தூங்க வைக்கக் கூடாதா?"ன்னாரு.

பாவாயி கண்ணு ரெண்டும் செவந்து வீங்கியிருக்கு. அந்நேரம் பாத்துச் சிட்டு பால் குடிச்ச மயக்கத்துல கொஞ்சம் அமைதியானா. ஒடனே பாவாயி அதோட தொடையில நறுக்குனு ஒரு கிள்ளு. "ங்ஙாஆஆ!"

"அழட்டுமுங். நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம்"னு சொன்னா பாவாயி.

கேட்டுக்காரரு ஜீப்புல இருந்து கொஞ்சம் டீசல் ஊத்திக் குடுத்தாரு. பஸ்ஸு மலை எறங்கிப் போயிருச்சு, கதையும் அதுலயே ஏறிப் போயிருச்சு. நீ தூங்கு சாமி.