இரண்டு ஊர், ஒரு கொடை

மடத்தின் அறக்கட்டளையை ஆவுடையப்பன் கவனித்து வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் சீடராகச் சேர்ந்தவர். குரு மங்களாம்பிகை அவரைவிட வயதில் இளையவர். எல்லோரும் அவரை அம்மை என்றே அழைப்பார்கள்.

வருடத்துக்கு ஓர் ஊருக்குத்தான் அறக்கட்டளையால் உதவ முடியும். அந்த வருடம் இரண்டு ஊர்கள் கேட்டிருந்தன. தும்பைக்கரைப் பெண்கள் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். கைக்குழந்தைகளை விட்டுச் செல்ல ஒரு காப்பகம் வேண்டும் என்றார்கள். செவல்பொட்டலில் கிணறு உவர்த்துவிட்டது. குடிநீருக்குக் குழாய் வேண்டும் என்றார்கள்.

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. போன வருடம் மறுக்கப்பட்ட ஊர்க்காரர்கள் அதன்பின் மடத்து வாசலையே மிதிக்கவில்லை.

"எப்படி முடிவு செய்யறது அம்மை? யாருக்கு இல்லைன்னு சொல்றது?"

"ரெண்டு ஊருக்கும் போனீங்களா?"

"போனேன். எல்லாம் விசாரிச்சேன்."

"செவல்பொட்டல் தண்ணி எப்படி இருந்தது?"

அவர் தயங்கினார். "குடிக்கலை அம்மை. கார்ல பாட்டில் இருந்தது."

அம்மை இரண்டு ஊருக்கும் ஆள் அனுப்பினார். இந்த ஊர்ப் பெண்கள் சிலர் அந்த ஊரிலும், அந்த ஊர்ப் பெண்கள் சிலர் இந்த ஊரிலும் ஒருநாள் தங்கிவிட்டு மடத்துக்கு வரவேண்டும். அவ்வளவுதான் செய்தி.

"சண்டை போட்டுக்கிட்டு வரப் போறாங்க" என்றார் ஆவுடையப்பன்.

"வரட்டும்."

அவர்கள் வந்தார்கள். தும்பைக்கரை சந்தனமாரி உட்காரக்கூட இல்லை.

"ஐயா, குழாயை அவங்களுக்கே போட்டுக் குடுத்துடுங்க."

"ஏம்மா?"

"நான் தங்கின வீட்டுல எனக்கு நல்ல தண்ணி குடுத்தாங்க. சைக்கிள்ல எங்கிருந்தோ கொண்டுவந்தது. அந்த வீட்டுப் பிள்ளைங்க உப்புத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு என் செம்பையே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. எனக்குத் தொண்டையில இறங்கலை."

செவல்பொட்டல் பேச்சித்தாய் குறுக்கே வந்தாள்.

"அவ சொல்றதக் கேக்காதீங்க ஐயா. அளத்துல பாத்திக்குப் பக்கத்துல, அந்த வெயில்ல, குடையை நட்டுப் பிள்ளையக் கிடத்தியிருக்காங்க. உப்போட வெளிச்சம் கூசிக் கண்ணு செவந்து கிடக்கு. நான் தூக்கின பிள்ளை பொழுது சாயுறவரைக்கும் இடுப்ப விட்டு இறங்கலை. காப்பகந்தான் முதல்ல."

ஆவுடையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மை, முன்னாடி ரெண்டு பேரும் எனக்குன்னு கேட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் அவளுக்குங்கறாங்க. நான் நின்ன இடத்துலயே நிக்கறேனே!"

அம்மை சிரித்தார். "அவங்க இன்னும் பேசி முடிக்கலை."

சந்தனமாரி பேச்சித்தாயைப் பார்த்துச் சொன்னாள்: "பிள்ளைங்கள நாங்க முறை வச்சாவது பாத்துக்கிடலாம் அக்கா. தண்ணிய முறை வச்சு உண்டாக்க முடியுமா?"

பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா அந்த முறையில எங்க ஊரையும் சேத்துக்க. உங்க காப்பகம் வர்றவரைக்கும் நாங்களும் வந்து பாத்துக்கிடறோம்."

"அடுத்த வருசம் காப்பகந்தான்" என்றார் ஆவுடையப்பன். யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ஆவுடையப்பன் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனபின் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மை, போய்த் தங்கிட்டு வந்த பிறகும் ரெண்டு பேரும் 'எங்களுக்குத்தான்'னு நின்னிருந்தா?"

"இன்னொரு நாள் தங்கச் சொல்லியிருப்பேன்" என்றார் அம்மை. "உங்களையும் சேர்த்து அனுப்பியிருப்பேன். பாட்டில் இல்லாம."